மூன்று வருட மழையில் மூன்று டிரெயில் கேமராக்கள்

பிரின்ஸ் ரூபர்ட்டில் வருடத்துக்குச் சுமார் 2,500 மி.மீ. மழை. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்கில் இருக்கும் இந்த ஊருக்கு வேலைக்காக வந்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. காட்டில் மரத்தில் கட்டிவிட்டு வந்தால், மிருகம் கடக்கும்போது தானாகவே படம் எடுக்கும் டிரெயில் கேமரா. மூன்று வருடத்தில் மூன்று வாங்கிவிட்டேன். ஒன்று செத்துவிட்டது, ஒன்றைக் கரடி கடித்தது, ஒன்று இன்னும் ஓடுகிறது.

முதல் கேமராவை ஒரு ஹெம்லாக் மரத்தில் என் தலை உயரத்துக்குக் கட்டினேன். இரண்டு வாரம் கழித்து மெமரி கார்டில் மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். அத்தனையும் பெரணி! சென்சார் மிருகத்தைத் தேடுவதில்லை. சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட சூடு அசைந்தால் போதும், படம் எடுத்துவிடும். எப்போதாவது அடிக்கும் வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினாலும் அதற்குக் கரடிதான். இப்போது முன்னால் இருக்கும் இலைகளை ஒதுக்கிக் கட்டிவிட்டு, கேமராவை முழங்கால் உயரத்தில் வடக்குப் பார்த்து வைக்கிறேன். தடத்துக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்வாக வைத்தால் மிருகம் குறுக்கே கடக்கும், சென்சாரும் சீக்கிரம் பிடிக்கும்.

அப்புறம் மழை. மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரே ஒரு ஸ்ப்ரூஸ் ஊசியிலை ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் மூடிவிட்டேன். நவம்பரில் திறந்தால் பேட்டரி ஸ்பிரிங்கெல்லாம் பச்சைப் பூத்துக் கிடந்தது. 'நீர் புகாது' என்று பெட்டியில் அச்சடித்து விற்றவர்கள், தண்ணீர்ச் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று பதில் போட்டார்கள். சரி, தப்பு என்னுடையதும்தான். இப்போது ஒவ்வொரு முறையும் விளிம்பைத் துணியால் துடைத்து, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுத்தான் மூடுகிறேன்.

பேட்டரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அல்கலைன் போட்டால் குளிரில் சீக்கிரம் துவண்டுவிடும், அதிலும் இரவுப் படங்கள் மங்கலாகும். லித்தியம் விலை அதிகம்தான், ஆனால் அக்டோபரில் போட்டது எனக்கு மார்ச் வரை வந்தது.

இரண்டாவது கேமராவின் கடைசி நான்கு படங்களை இன்னும் வைத்திருக்கிறேன்: தூரத்தில் ஒரு கருங்கரடி, ஈர மூக்கு, நாக்கு, அப்புறம் முழு இருட்டு. பிளாஸ்டிக் உடலில் இரண்டு பல் குழிகள். அதற்குப் பிறகுதான் இரும்புப் பெட்டி வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

இரவு வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டில் படம் எடுக்கக் கேமராவில் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு தூரம் போகும், ஆனால் லேசாகச் சிவப்பாகத் தெரியும். ஓநாய் ஒன்று நேராக அதையே முறைத்துப் பார்த்த படம் கிடைத்தது. அடுத்த ஒரு மாதம் அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. சிவப்புத் தெரியாத 940 நானோமீட்டருக்கு மாறினேன். படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, தூரமும் குறைவு. ஆனாலும் மிருகங்கள் இயல்பாக நடமாடுகின்றன.

விலையைவிட இடம்தான் முக்கியம். கரடிகள் முதுகு தேய்க்கும் செடார் மரம் ஒன்று கிடைத்தது. பட்டையில் முடி சிக்கியிருக்கும். மரத்துக்குப் போகும் வழியில், தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கால் வைத்து வைத்துப் பாசியில் குழிகளே விழுந்திருக்கின்றன. அங்கே வைத்த ஒரே மாதத்தில், அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் கிடைக்காத படங்கள் கிடைத்தன.

செப்டம்பரில் ஓடைக்கரையில் தலையில்லாத சால்மன்கள் கிடக்கும். கரடி வேலை என்றுதான் நினைத்திருந்தேன். கேமராவில் பார்த்தால் ஓநாய்! தலையை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு உடலை அப்படியே போட்டுவிட்டுப் போகிறது. அந்த மாதங்களில் கார்டு மாற்றத் தனியாகப் போவதில்லை. கரடி ஸ்பிரே இடுப்பில், வழியெல்லாம் சத்தமாகப் பேச்சு.

போன மாதம் ஆசையாக வீடியோவில் போட்டு வைத்தேன். லென்ஸ் மேல் மஞ்சள் ஓடில்லா நத்தை ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டது. ஒன்பது வீடியோ. தண்ணீர் தெறிக்கிற சத்தம், உறுமல், எலும்பு நொறுங்குகிற சத்தம் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. தெரிவது நத்தையின் வயிறு மட்டும்.