மடுவுக்கு வான் பிடிக்கிறவர்கள் கவனம்: 35,000 ரூபாய் பறிபோனது

திருகோணமலையில் இருந்து நத்தாருக்கு முன் மடு, கண்டி, பாசிக்குடா என்று குடும்பத்தோடு ஒருநாள் பயணம் போக வான் தேடுகிறவர்கள், தயவுசெய்து இதை வாசித்துவிட்டுக் காசைப் போடுங்கள். எங்களிடம் 35,000 ரூபாய் அடித்துவிட்டார்கள். நடந்தது சனிக்கிழமை, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வான் பிடிக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மடுவுக்குப் போக வேண்டும் என்பது அம்மம்மாவின் ஆசை. 2015 தை மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது அந்தச் சனத்துக்குள் நின்று கும்பிட்டவர். அதற்குப் பிறகு முழங்கால் வருத்தம், போகக் கிடைக்கவில்லை. ஆவணித் திருவிழா நெரிசலுக்குள் அவரைக் கொண்டுபோகவும் ஏலாது. இந்த முறை மாமா குடும்பமும் கொழும்பில் இருந்து வந்து நின்றதால், எல்லோருமாக விடியப்புறம் வெளிக்கிட்டு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாகப் போய், மாதாவைக் கும்பிட்டு, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவது என்று முடிவெடுத்தோம். பொழுதுபட்டால் அந்த ரோட்டில் யானைப் பயம், மார்கழி மழை வேறு. அதனால்தான் நல்ல வானும் பாதை தெரிந்த டிரைவரும் வேண்டும் என்று தேடினோம்.

சமூக வலைத்தளம் ஒன்றில் வான் வாடகைக்கு விடும் பக்கம் கண்ணில் பட்டது. நத்தார் விசேட விலை, போய்வர 42,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். கோயில் வாசல்களில் எடுத்த படங்கள், கீழே "நல்ல சேவை" என்று ஆட்களின் பாராட்டு, எல்லாம் இருந்தது. போன் எடுத்தேன். அந்த மனிசன் கதைத்த விதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எத்தனை பேர், எத்தனை சின்னப் பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டார். அம்மம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னதும், "அக்கா, அவவுக்கு முன் சீட் ஒதுக்கி வைக்கிறன், ஏறி இறங்கச் சின்ன ஸ்டூல் ஒண்டும் கொண்டு வாறன்" என்றார். சொன்னதோடு விடவில்லை, பின்னேரம் அந்த ஸ்டூலின் படமும் வந்தது, நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல், வானின் கதவடியில் வைத்து எடுத்தது. டாஷ்போர்டில் மாதா சுருவம் ஒன்றும் தெரிந்தது. அம்மம்மா போனை வாங்கி அந்தப் படத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கில் வேறொரு பெயர் இருக்கிறதே என்று கேட்டேன். மனைவியின் கணக்காம். "நானும் வேதக்காரன்தான் அக்கா, மடு மாதாட்டப் போற ஆக்களிட்டக் காசு அடிச்சா என்ர பிள்ளைகளுக்குக் கூடாது" என்றார். இப்படி ஒரு மனிசன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? 25,000 ரூபாய் முற்பணம் போட்டோம். வெள்ளிக்கிழமை இரவு, டீசல் அடிக்கவும் டிரைவருக்குக் கொடுக்கவும் இன்னும் 10,000 வேண்டும் என்றார். அதையும் போட்டோம். மொத்தம் 35,000.

சனிக்கிழமை நாலரை மணிக்கு எல்லோரும் வாசலில். புளிச்சாதமும் கோழிப் பொரியலும் கட்டியாயிற்று, பிள்ளைகள் புதுச் சட்டையோடு நிற்கிறார்கள், மழை தூறுகிறது. ஐந்து மணிக்கு, "டிரைவர் கந்தளாய் தாண்டிட்டார்" என்றார். ஆறு மணிக்கு, ரோட்டில் யானை மறித்துக்கொண்டு நிற்கிறதாம். அதற்குப் பிறகு டயர் காற்றுப் போய்விட்டதாம். ஏழு மணிக்குப் பிறகு போனைத் தூக்கவில்லை. அம்மம்மா செபமாலையைக் கையில் பிடித்தபடி பத்து மணி வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. "பாவம், அந்தப் பெடியனுக்கு என்னமும் நடந்திட்டுதோ" என்றுதான் கேட்டார், அவனுக்காகச் செபமும் சொன்னார்.

மத்தியானம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: பயணத்தை நாங்கள்தான் ரத்துச் செய்தோமாம், முற்பணம் திருப்பித் தரப்படாதாம். வேறு நம்பரில் எடுத்தால் ஒரு பெண், தான் ஒபிசில் வேலை செய்கிறவர்தானாம், முதலாளி 27ஆம் திகதிதான் வருவாராம், அப்போது கதைக்கட்டாம். எந்த ஒபிஸ், எங்கே இருக்கிறது என்று கேட்டதும் வைத்துவிட்டார். அதோடு எங்கள் எல்லா நம்பரையும் புளொக் பண்ணிவிட்டார்கள். பக்கத்தின் கீழே நடந்ததை எழுதினேன், கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டார்கள். அந்தப் "நல்ல சேவை" பாராட்டுகள் எப்படி வந்தன என்று இப்போது விளங்குகிறது.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனால், நாங்களாகவே அனுப்பிய காசு, கணக்குக்காரர் சம்மதிக்காமல் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். பொலிசில் சிலிப், உரையாடல் எல்லாம் காட்டி முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். மாமா திரும்பிப் போய்விட்டார். 35,000 ரூபாய் எங்கள் வீட்டில் சும்மா வந்த காசு இல்லை, தங்கச்சி சீட்டு எடுத்த காசு.

நேற்றிரவு பார்க்கிறேன், அதே பக்கத்தில் அதே வான், "நத்தாருக்கு இன்னும் சில இடங்களே உண்டு" என்று போட்டிருக்கிறது. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். வானையும் டிரைவரையும் நேரில் பார்க்காமல் ஒரு சதமும் போடாதீர்கள். வருமான அனுமதிப்பத்திரத்தையும் இன்சூரன்ஸையும் வாங்கிப் பாருங்கள், நம்பர் பிளேட்டோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். கதைக்கிறவரின் பெயரும் கணக்கின் பெயரும் வேறு வேறு என்றால் விட்டுவிடுங்கள். மிச்சக் காசை முதல்நாள் இரவு கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கனவே கொடுத்தவர்கள் சிலிப்பை வைத்துக்கொண்டு உடனே பொலிசுக்குப் போங்கள், நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கும் சொல்லுங்கள். இதே நீல ஸ்டூல் படம் உங்களுக்கும் வந்திருந்தால் எனக்கு அறிவியுங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.