அமிட்ரிப்டிலினோடு எது: டைஃபென்ஹைட்ராமினா, சோல்பிடெமா?

மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலினை இரவில் 25 மில்லிகிராம் எடுத்தும் தூக்கம் வராதவர்கள், பினாங்கு ஜார்ஜ் டவுன் மருந்தகத்தில், தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்தான டைஃபென்ஹைட்ராமின் கேட்கிறார்கள். சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக அது சாதுவான மருந்தாகிவிடாது. இரண்டுமே, நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை; சேர்ந்தால் வாய் வறளும், மலம் இறுகும், முதியவர்களுக்குச் சிறுநீர் அடைபடும், புத்தி தடுமாறும். போதாததற்கு, டைஃபென்ஹைட்ராமின், அமிட்ரிப்டிலினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை மந்தப்படுத்தி, இரத்தத்தில் அதன் அளவையும் ஏற்றிவிடும்.

சோல்பிடெம் ஒரு தூக்க மாத்திரை; அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். மேற்சொன்ன சிக்கல் அதில் இல்லை. ஆனால் மயக்கம் கூடும், தூக்கத்தில் எழுந்து நடப்பதும் உண்டு. பெண்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். விழுங்கியபின் 7, 8 மணி நேரம் படுக்க முடியாதவர்கள், விடிகாலை ஷிப்டுக்குப் பாயான் லெப்பாஸுக்கு மோட்டாரில் போகிறவர்கள் தொடவே வேண்டாம்.

மருத்துவர் கண்காணிப்பில், சில நாளுக்கு மட்டும் என்றால் சோல்பிடெமே மேல். வயதானவர்கள் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது. தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். எதனோடும் மது கூடாது, மூச்சு தாழ்ந்துவிடும். எழுப்ப முடியவில்லை என்றால் உடனே அவசர எண் 999.