இலவம்பஞ்சு மெத்தைக்கு வாட்டர்ப்ரூஃப் உறை: ஒன்பது மாதம் பயன்படுத்திய பிறகு

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் வந்து ஆறு வருஷம் ஆகிறது. பெருங்குடலின் உள்சுவரில் புண் வந்து ரத்தமும் சளியுமாகப் போகும், கொஞ்ச நாள் அடங்கும், திரும்பக் கிளம்பும். கிளம்பிய நாட்களில் இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து ஓட வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நேரத்துக்கு எழ முடியாமல் போய்விடுமோ என்று பாதி விழிப்பிலேயே கிடப்பதுதான் என் தூக்கத்தைத் தின்றது.

போதாததற்கு, படுக்கும் முன் குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் எனிமா. 60 மில்லி மருந்தை ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தி, இடது பக்கமாகப் படுத்து, முடிந்தால் விடியும் வரை அடக்கிவைக்க வேண்டும். கொஞ்சம் கசிந்தாலும் துணியில் கறை பிடித்துவிடும், லேசில் போகாது. என் மெத்தையோ அம்மா கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. அதைத் துவைக்க முடியாது, நனைந்தால் பஞ்சு கட்டி கட்டியாகிவிடும், மொட்டை மாடியில் போட்டுக் காயவைத்தால் தெருவே பார்க்கும். அதனால் ஒரு வருஷம் தரையில் பாய் விரித்துப் படுத்தேன்.

முதலில் குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் ஷீட் வாங்கினேன். புரண்டால் சத்தம், முதுகெல்லாம் வியர்வை, நள்ளிரவில் சுருண்டு காலடிக்குப் போய்விடும். அப்புறம்தான் ஆன்லைனில் இந்த உறை. மேலே டவல் மாதிரி பருத்தித் துணி, அதன் அடியில் டிபியூ என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. ஈரம் கீழே இறங்காது, சத்தம் சுத்தமாக இல்லை. மேலே சாதாரண பெட்ஷீட் விரித்துவிட்டால் வீட்டுக்கு வந்தவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. எனக்கு அது ரொம்ப முக்கியம்.

முதல் வாரம் நம்பிக்கை வரவில்லை, இரண்டு முறை கையை உள்ளே விட்டு மெத்தையைத் தடவிப் பார்த்தேன். பத்தாவது நாளோ என்னவோ, எனிமா போட்ட இரவில் ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கியிருந்தேன். அன்று காலை அழுதுவிட்டேன்.

குறைகளும் உண்டு. மே மாதத்தில் ரப்பர் ஷீட் அளவுக்கு இல்லை என்றாலும் சூடு தெரிகிறது. சுற்றிலும் எலாஸ்டிக் வைத்தது உயரமான ஸ்பிரிங் மெத்தைக்கான அளவு, என் நான்கு அங்குல மெத்தைக்குத் தொளதொளவென்று நிற்கிறது. அதற்காக ஊக்கு குத்திவிடாதீர்கள், படலம் ஓட்டையாகிவிடும், அடியில் மடித்துச் செருகிக்கொள்ளுங்கள். ரத்தக் கறையை உடனே பச்சைத் தண்ணீரில் அலசினால் போகும், வெந்நீர் பட்டால் கறை அப்படியே தங்கிவிடும். இஸ்திரி போடவே கூடாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உறை பயத்தைத்தான் குறைக்கும், நோயை அல்ல. மலம் கழிக்கவென்றே தூக்கத்திலிருந்து எழுகிறீர்கள் என்றால் குடலில் அழற்சி இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு நாலு மாதம் சொல்லாமல் இருந்தேன். சொன்ன பிறகு மருந்தை மாற்றினார். இரவில் போட்டுக்கொண்டிருந்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் காலைக்கு மாற்றச் சொன்னார், அது தூக்கத்தைக் கெடுக்குமாம். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கிரோன் நோய் (இதே மாதிரி குடலில் அழற்சி வரும் இன்னொரு நோய்) அடங்கியிருந்தவர்களில் சரியாகத் தூங்காதவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் கிளம்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார்கள். என் நோய்க்கு அந்தத் தொடர்பு அதில் தெரியவில்லை, ஆனாலும் தூங்காத வாரம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

வாங்குவதாக இருந்தால் மெத்தையின் உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள், இரண்டாக வாங்குங்கள். ஐப்பசி மழையில் ஒன்று காய இரண்டு நாள் ஆகிறது.