வீட்டுச் சேமிப்பகத்தில் அனுமதிச் சிக்கல்: என்எஃப்எஸ் பகிர்வா, சம்பா பகிர்வா?

வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சேமிப்பகக் கணினி ஒன்றிலிருந்து லினக்ஸ், மேக், விண்டோஸ் என மூன்று வகைக் கணினிகளும் கோப்புறைகளை எடுத்துப் பயன்படுத்தும்போது, பெரும்பாலும் எழுகிற புகார் ஒன்றுதான்: கோப்புறை தெரிகிறது, கோப்பும் திறக்கிறது, ஆனால் திருத்திச் சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வருகிறது. இந்தத் தொல்லையைக் குறைப்பதற்கு லினக்ஸ் உலகில் வழக்கமான கோப்புப் பகிர்வு நெறிமுறையான என்எஃப்எஸ் ஏற்றதா, சம்பா என்ற நிரல் வழியாக வழங்கப்படும், விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி ஏற்றதா என்ற கேள்வியில் நான் சம்பாவின் பக்கம் நிற்கிறேன். டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் எங்கள் வீட்டுச் சேமிப்பகத்தில் முதலில் எல்லாவற்றையும் என்எஃப்எஸ் வழியாகவே பகிர்ந்திருந்தேன். பிறகு குடும்பத்தார் அனைவரும் கைவைக்கும் கோப்புறைகளைச் சம்பாவுக்கு மாற்றிவிட்டேன். வேகம் அதற்குக் காரணமல்ல. அனுமதிச் சிக்கல் வரும்போது எத்தனை கணினிகளைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பதே காரணம்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிகாபிட் கம்பியில் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது இரண்டுமே வினாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்டில் போய் நின்றுவிடுகின்றன; அங்கே வரம்பு கம்பிதான். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கையாளும்போது என்எஃப்எஸ் சற்றுச் சுறுசுறுப்பாக இருப்பதாக எனக்குப் படுகிறது, ஆனால் முறையாக அளந்து பார்த்துச் சொல்லவில்லை. நிறுவுவதும் இரண்டிலும் ஒரு தொகுப்பும் ஓர் அமைப்புக் கோப்பும்தான்.

வேறுபாடு தொடங்குவது 'நீ யார்' என்ற கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதில். என்எஃப்எஸ்ஸின் வழக்கமான முறையில் கடவுச்சொல் என்பதே கிடையாது. கோப்பைக் கேட்கும் கணினி, தன் பயனரின் எண்ணையும் குழு எண்களையும் அனுப்புகிறது. சேமிப்பகம் அவற்றை அப்படியே நம்பி, தன் வட்டிலுள்ள கோப்பின் உரிமையாளர் எண்ணோடு ஒப்பிட்டு முடிவெடுக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் இதை உருவாக்கியபோது, ஒரே நிர்வாகியின் கீழ் ஒரே பயனர் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகக் கணினிகளுக்கு அந்த நம்பிக்கை பொருந்தியிருந்தது. வீட்டில் அப்படி ஒரு பொதுப் பட்டியல் இல்லை. டெபியனும் உபுண்டுவும் முதல் பயனருக்கு 1000 என்ற எண்ணைத் தருகின்றன. மேக் 501 என்ற எண்ணையும் 20 என்ற குழுவையும் தருகிறது. சைனாலஜி நிறுவனத்தின் சேமிப்பகப் பெட்டிகளில் நாம் உருவாக்கும் பயனர்களின் எண்கள் 1026-இலிருந்து தொடங்குகின்றன. மூன்றிலும் ஒரே பெயரில் கணக்கு வைத்திருந்தாலும் சேமிப்பகத்தின் கண்ணுக்கு அவர்கள் மூன்று வேறு ஆட்கள். தெருப்பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் எழுதி அனுப்பிய கடிதத்தைப் போல, அந்த எண் வேறொருவர் வீட்டில் போய் விழுகிறது.

ஆகவே என்எஃப்எஸ் பகிர்வில் மறுப்பு வந்தால், முதலில் கோப்புப் பட்டியலைப் பெயர்களுக்குப் பதில் எண்களாகக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்; அதே நேரத்தில் கேட்கும் கணினியில் ஐடி கட்டளையை ஓட்டித் தன் எண்ணையும் பார்க்க வேண்டும். பெயர்களை நம்பிப் பயனில்லை. அதிலும் என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்பில் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பதிப்பு உரிமையாளரை எண்ணாக அல்லாமல் பெயரும் டொமைனுமாக ('பயனர்@வீடு' போல) அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். அப்போது பட்டியலில் உரிமையாளர் பெயர் மிகச் சரியாகவே தெரியும். ஆனால் கடவுச்சொல் இல்லாத அந்தப் பழைய அங்கீகார முறையே தொடர்வதால், எழுத விடுவதா என்ற முடிவு அப்போதும் எண்ணை வைத்தே எடுக்கப்படுகிறது. பெயர் சரியாகத் தெரிந்தும் எழுத முடியாத நிலை இப்படித்தான் உருவாகிறது. டொமைன் பெயர் இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் எல்லாக் கோப்புகளும் 'நோபடி' என்ற பயனருக்குச் சொந்தமானவையாகக் காட்சியளிக்கும். அது பார்க்கப் பயமாக இருந்தாலும் சரிசெய்ய எளிதானது.

ரூட் என்ற முழு அதிகாரப் பயனராகக் கட்டளையை ஓட்டும் சூடோவைப் போட்டால் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் இங்கே எடுபடாது. ரூட் பயனராக வருகிற கோரிக்கையைச் சேமிப்பகம் இயல்பாகவே 65534 என்ற அநாமதேய எண்ணுக்கு மாற்றிவிடும். ஆகவே சாதாரணப் பயனரால் எழுத முடிகிற இடத்தில்கூட ரூட்டால் எழுத முடியாமல் போகலாம். ஒரு பயனர் 16-க்கு மேற்பட்ட குழுக்களில் இருந்தால், மிகுதிக் குழுக்கள் கோரிக்கையில் இடம்பெறாமல் போவது இன்னொரு வழக்கமான காரணம். குழுப் பட்டியலைச் சேமிப்பகமே தேடிக்கொள்ளும்படி அமைத்தால் அது தீரும். மேக்கிலிருந்து பகிர்வை ஏற்றவே (கணினியில் இணைத்துத் திறக்கவே) முடியவில்லை என்றால், பெரும்பாலும் அதன் கோரிக்கை 1024-க்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து (பிணைய வாயில் எண்ணிலிருந்து) வருவதே காரணம். பகிர்வு அமைப்பில் 'இன்செக்யூர்' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். சேமிப்பகத்தில் அனுமதியை மாற்றிய மறுகணமே சோதித்துப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. கேட்கும் கணினி பழைய விவரத்தை 60 வினாடி வரை நினைவில் வைத்திருக்கக்கூடும்.

இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. எல்லாப் பயனர்களையும் ஒரே எண்ணுக்கு மாற்றும் 'ஆல் ஸ்குவாஷ்' விருப்பம் வீட்டுக்குப் போதுமானது என்று பலர் சொல்வார்கள். அது வேலை செய்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதைப் போட்டுவிட்டால் அப்பாவின் வங்கிக் கோப்புறையும் பிள்ளைகளின் விளையாட்டுக் கோப்புறையும் ஒரே ஆளுக்குச் சொந்தமாகிவிடும். அதைத் தவிர்த்து ஒவ்வொரு கணினியிலும் பயனர் எண்ணை மாற்றிச் சீராக்கலாம். அப்போது அந்தக் கணினியிலுள்ள பழைய கோப்புகளின் உரிமையையும் மாற்றியாக வேண்டும், புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கினால் அதே வேலையை மீண்டும் தொடங்க வேண்டும். மேலும், தன் மடிக்கணினியில் ரூட் உரிமை உள்ள எவரும் தனக்கு வேண்டிய எண்ணைச் சூட்டிக்கொண்டு அடுத்தவர் கோப்பைத் திறந்துவிட முடியும். பயனரைக் கடவுச்சொல் கொண்டு சரிபார்க்கும் கெர்பராஸ் முறையைச் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும். நான் அதைச் சோதனைக்காக மட்டுமே நிறுவிப் பார்த்திருக்கிறேன், நீண்ட காலம் வைத்து நடத்தவில்லை, ஆகவே அதன் பராமரிப்பைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லமாட்டேன்.

சம்பாவில் பயனர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறார். எந்தக் கணினியிலிருந்து வருகிறார், அங்கே அவர் எண் 501-ஆ 1000-ஆ என்பது சேமிப்பகத்துக்குத் தேவையற்ற செய்தி. அவர் யார் என்பதைச் சேமிப்பகமே தன் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்கிறது. எனவே பிழை எங்கே என்று தேடுவதும் பெரும்பாலும் அந்த ஒரே கணினியில் முடிந்துவிடுகிறது. இதுதான் என்னைச் சாய்த்த காரணம்.

சம்பாவில் சிக்கலே வராது என்று இதற்குப் பொருளல்ல. இங்கே இரண்டு வாசல்கள் இருக்கின்றன: சம்பாவின் பகிர்வு விதி ஒன்று, அதற்குக் கீழே லினக்ஸின் கோப்பு அனுமதி இன்னொன்று. இரண்டும் இசைந்தால்தான் எழுத முடியும். பகிர்வு அமைப்பில் எழுத அனுமதி கொடுத்துவிட்டு, வட்டிலுள்ள கோப்புறை ரூட்டுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதைக் கவனிக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கோப்புறைக்கு மேலே உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் கடந்துசெல்லும் அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டுக் கோப்புறைக்குள் ஒரு பகிர்வை வைத்தால் அங்கேதான் வழி அடைபடும்.

ஒருவர் உருவாக்கிய கோப்பை அடுத்தவர் திறக்க முடிந்தும் திருத்த முடியவில்லை என்றால், காரணம் அநேகமாகச் சம்பாவின் இயல்பு அமைப்பு. புதிய கோப்புக்கு அது 0744 என்ற வரம்பையும் கோப்புறைக்கு 0755 என்ற வரம்பையும் வைக்கிறது (கடைசி மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோரின் உரிமைகள்; வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 எனக் கூட்டியவை); இரண்டிலும் குழுவுக்கு எழுதும் உரிமை இல்லை. நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது: குடும்பத்தார் அனைவரையும் ஒரே குழுவில் சேர்த்து, பகிர்வுக் கோப்புறையை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி, அதன் அனுமதியை 2770 என்று வைத்திருக்கிறேன். முதலில் வரும் 2, உள்ளே உருவாகும் அனைத்தும் அதே குழுவைச் சேரும்படி செய்கிறது. பகிர்வு அமைப்பில் கோப்புக்கு 0660, கோப்புறைக்கு 2770 என்று வரம்புகளை மாற்றினேன். இதனால் யார் எழுதினார் என்ற விவரமும் நிலைக்கிறது, எல்லோராலும் திருத்தவும் முடிகிறது. ஏற்கெனவே வட்டில் இருக்கும் பழைய கோப்புகளுக்கு இந்த வரம்புகள் பொருந்தா. அவற்றை ஒருமுறை கையால் சீராக்க வேண்டும்.

லினக்ஸ் கணினியிலிருந்து சம்பா பகிர்வை ஏற்றும்போது மட்டும் ஒரு குழப்பம் உண்டு. எல்லாக் கோப்புகளும் ரூட்டுக்குச் சொந்தமானவையாகத் தோன்றும். அது உண்மையான உரிமையல்ல, ஏற்றியவரின் எண்ணைக் கொண்டு காட்டப்படும் ஒரு தோற்றம். ஏற்றும் வரியில் நம் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் குறிப்பிட்டால் அது சரியாகும். அங்கிருந்தபடியே சிஎச்மாட் கட்டளையால் அனுமதியை மாற்ற முயல்வது பெரும்பாலும் வீண். பிழைச் செய்தி வராமலே மாற்றம் நிலைக்காமல் போகும். எந்த வகைப் பகிர்வானாலும், முதலில் அது உண்மையிலேயே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது: ஏற்றப்படாதபோது நாம் எழுத முயல்வது உள்ளூர் வட்டின் வெற்றுக் கோப்புறையில், அது வழக்கமாக ரூட்டுக்கு உரியது.

விண்டோஸ் பக்கம் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒரே சேமிப்பகத்தோடு ஒரே நேரத்தில் இரு வேறு பயனர் பெயர்களில் இணைய அது விடாது; 1219 என்ற பிழை எண் வந்தால் பழைய இணைப்பைத் துண்டித்து, சேமித்த கடவுச்சொல்லை நீக்கிவிட்டு மீண்டும் இணைய வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் ப்ரோ வகையில் எஸ்எம்பி கையொப்பம் (செய்திகள் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் குறி) கட்டாயமாகிவிட்டதால், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வுகளும் திறப்பதில்லை. விருந்தினர் வசதியை மீட்கப் போராடுவதைவிட ஒரு பயனரை உருவாக்கிவிடுவது குறைந்த வேலை.

சேமிப்பகத்தில் செருகப்பட்ட வெளி வட்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் இருந்தால் இரண்டு நெறிமுறைகளும் ஒன்றுதான். அந்த வட்டில் லினக்ஸ் அனுமதிகளை எழுதிவைக்க இடமே இல்லை, சேமிப்பகம் அதை ஏற்றும்போது கொடுத்த விருப்பங்களே இறுதி.

என்எஃப்எஸ்ஸை நான் முழுவதுமாக விட்டுவிடவில்லை. நாம் எழுதும் நிரல்களின் இயக்க அனுமதியும் குறியீட்டு இணைப்புகளும் (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்புகளும்) அப்படியே காக்கப்பட வேண்டிய இடத்தில் அது சம்பாவைவிடத் தெளிவாக நடந்துகொள்கிறது. லினக்ஸ் கணினிகள் மட்டுமே உள்ள வீட்டில், எல்லாவற்றிலும் பயனர் எண் 1000 ஆகவே இருக்குமானால், நான் மேலே அடுக்கிய தொல்லைகளில் பாதி தலைகாட்டாது. எங்கள் வீட்டில் நிரல் எழுதும் லினக்ஸ் கணினிக்கு மட்டும் ஒரு கோப்புறை என்எஃப்எஸ் வழியாகப் போகிறது. அதன் ஐபி முகவரி ஒன்றுக்கு மட்டுமே பகிர்வு திறந்திருக்கிறது. அந்தக் கோப்புறை சம்பாவில் இல்லை.