'வாக்கியத்தில் அமைத்து எழுதுக': எந்தப் பயிற்சி எதைக் கற்றுத் தருகிறது?

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வந்த வீட்டுப்பாடம். மயில், குடை, பள்ளி, நண்பன் ஆகிய சொற்களை வாக்கியத்தில் அமைக்க வேண்டும். "மயில் அழகாக இருக்கும். குடை அழகாக இருக்கும். பள்ளி அழகாக இருக்கும். நண்பன் அழகாக இருப்பான்" என்று எழுதியிருந்தாள். நான்குக்கும் டிக் விழுந்திருந்தது. பிழை இல்லைதான். ஆனால் அவள் எழுதியது ஒரே வாக்கியம், பெயர் மட்டும் நான்கு முறை மாறியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் வேறு பயிற்சிகளையும் வீட்டில் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

தனிச்சொல் கொடுக்கும் முறையில் தவறில்லை, கொடுக்கும் சொல்லில்தான் சிக்கல். பெயர்ச்சொல் கொடுத்தால் 'அழகாக இருக்கும்', 'என்னிடம் உள்ளது', 'நான் பார்த்தேன்' என்ற மூன்றில் ஒன்றை ஒட்டிவிட்டுப் பிள்ளை எழுந்து போய்விடும். வினைச்சொல் கொடுத்துப் பாருங்கள். 'கொடுத்தாள்' என்றதும் யார், எதை, யாருக்கு என்ற கேள்விகள் தாமாக வந்து நிற்கும். ஒரு சொல் தன் பொருள் நிறைய வேறொரு சொல்லை வேண்டி நிற்பதைப் பழைய உரையாசிரியர்கள் அவாய்நிலை என்றார்கள். அந்த வேண்டுதல் தமிழில் வினையிடம்தான் அதிகம். நேரமில்லாத நாளில் ஒரே ஒரு வினைச்சொல் கொடுத்தால்கூடப் போதும்.

அட்டவணை முறை தொடக்க வகுப்புக்கானது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு சொல். கோத்தால் 64 தொடர்கள் வரும், அதில் பாதிக்குமேல் உளறலாக இருக்கும். 'மாடு தோசை சுட்டது' என்று வந்தால் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். இலக்கணம் சரி, பொருள் பொருந்தவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே புரிந்துவிடும். முதல் இரண்டு வகுப்பைத் தாண்டி இதை இழுக்க வேண்டாம்.

கலைந்த சொற்களை முறைப்படுத்துவது எல்லோருக்கும் தெரிந்த பயிற்சி. டிஎன்பிஎஸ்சி அரசுப் பணித் தேர்வின் பொதுத்தமிழ் வரை கூடவே வருவது. இதன் பலம் எதில் என்று பார்க்க ஆறு சொற்களை எடுத்துக்கொள்வோம்: தம்பி, நனைந்த, கழற்றிய, சட்டையை, தலையை, துவட்டினான். 'நனைந்த சட்டையைக் கழற்றிய தம்பி தலையைத் துவட்டினான்' என்றும் எழுதலாம், 'சட்டையைக் கழற்றிய தம்பி நனைந்த தலையைத் துவட்டினான்' என்றும் எழுதலாம். நனைந்தது சட்டையா, தலையா? 'நனைந்த' போன்ற எச்சம் எந்தப் பெயரை ஒட்டி நிற்கிறதோ அதைத்தான் தழுவும் என்பது இதைவிடத் தெளிவாக வேறெதிலும் தெரியாது. ஆனால் நம் கேள்வித்தாள்கள் ஒரே விடையைத்தான் ஏற்கும். இரண்டாவதாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இன்னொன்று, பல புத்தகங்களில் 'சட்டையைக்' என்று ஒற்றோடே அச்சிட்டுவிடுகிறார்கள். அடுத்த சொல் 'க'வில் தொடங்கும் என்று அந்த 'க்' காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'ஐ' போன்ற வேற்றுமை உருபும் போட்டு, வினையையும் முடித்துக் கொடுத்தபின் பிள்ளைக்கு அடுக்கும் வேலைதான் மிச்சம். 'மாடுகள் மேய்ந்தது' என்று எழுதும் பழக்கம் இதனால் போகாது, ஏனென்றால் 'மேய்ந்தன' என்பது தயாராகவே கையில் இருக்கிறது.

என் ஓட்டு நான்காவது முறைக்கு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பெயர், ஒரு வினைப்பகுதி. உருபும் கிடையாது, காலமும் கிடையாது. குடை, கோழிக்குஞ்சு, மற என்று ஒருநாள் கொடுத்தேன். முதலில் "பாட்டி குடை மறந்தாள். கோழிக்குஞ்சு நனைந்தது" என்று எழுதினாள். இரண்டையும் ஒன்றாக்க முடியுமா என்று கேட்டேன். பென்சிலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் "பாட்டி குடையை மறந்ததால் கோழிக்குஞ்சு நனைந்தது." நான் சொல்லாமலே ஐயும் ஆலும் வந்துவிட்டன. எத்தனை குஞ்சு என்று கேட்டேன். மூன்று என்றாள். 'குஞ்சுகள் நனைந்தது' என்று திருத்திவிட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, 'நனைந்தன' என்று மாற்றினாள்.

இதற்கு விடைக்குறிப்பு கிடையாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அங்கே கலைந்த சொற்களே இருக்கட்டும், காட்டிக்கொடுக்கும் ஒற்றெழுத்தை மட்டும் நீக்கிவிட்டு, பொருள் கூடி வரும் எல்லா விடைக்கும் மதிப்பெண் கொடுத்தால் போதும். வீட்டில் பத்து நிமிடம் கிடைத்தால் மூன்று சொல் கொடுங்கள்.

அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகளுக்குக் குஞ்சுகள் நனைந்தது பொறுக்கவில்லை. எழுந்துபோய் நோட்டைத் திறந்து மாற்றி எழுதினாள்: "பாட்டி குடையை மறந்ததால் கோழிக்குஞ்சுகளை முந்தானையில் மூடி எடுத்து வந்தார்."