மனநோயாளிக்கு மருத்துவ உதவியுடன் மரணம்: பெல்ஜியமா, கனடாவா?

அனுமதி: பெல்ஜியத்தில் 2002 முதல் உண்டு. மனநோய் மட்டுமே காரணமென்றால் கனடாவில் இன்னும் இல்லை. 2021இல் அனுமதிப்பதாகச் சொல்லி, இரண்டு முறை தள்ளிவைத்து, 2027 மார்ச் 17 என்று நாள் குறித்தார்கள்.

காத்திருப்பு: பெல்ஜியத்தில், மரணம் நெருங்காதவர் எழுதிக் கொடுத்தபின் ஒரு மாதமாவது. கனடாவில் அத்தகைய உடல்நோயாளிகளுக்கே மதிப்பீடு பொதுவாகக் குறைந்தது 90 நாட்கள்.

யார் முடிவு செய்வது? இங்கேதான் சிக்கல். புற்றுநோயின் பரவலை ஸ்கேனில் பார்க்கலாம். மனச்சோர்வு இனித் தீராது என்று எந்தப் படமும் சொல்லாது. சாகும் விருப்பமே சில வேளை நோயின் அறிகுறி. பெல்ஜியம் மூன்று மருத்துவர்களைக் கேட்கிறது; கனடா, அனுமதியுள்ள உடல்நோயாளிகளுக்கு, மருத்துவரோ உயர்பயிற்சி பெற்ற செவிலியரோ இருவரை.

பல சிகிச்சைகளும் தோற்றவருக்கு வழி வேண்டுமென்பவர்கள் பெல்ஜியத்தைப் பார்க்கலாம். மனநல மருத்துவரைச் சந்திக்கவே மாதக்கணக்கில் காத்திருக்கும் நாட்டுக்கு, என்னைக் கேட்டால், கனடாவின் தயக்கமே பொருந்தும்.