வரைந்தவரே சொல்லும் கதைகள்: தாரா புக்ஸ் படநூல்கள்

பிற பண்பாடுகளைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் படநூல்கள் இப்போது நிறையவே வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பக்கத்துக்கு ஓர் ஊர், ஓர் உடை, ஒரு பண்டிகை, ஓர் உணவு என்று வரிசையாக நகர்கின்றன. எல்லாவற்றையும் வரைந்தது ஒரே கை என்பதால் ராஜஸ்தானத்துச் சிறுமிக்கும் அசாம் சிறுவனுக்கும் ஒரே வட்ட முகமும் ஒரே சிரிப்பும்தான் வாய்த்திருக்கின்றன. தலைப்பாகையும் பாவாடையும் மட்டும் மாறுகின்றன. இப்படிப்பட்ட நூலைப் படித்து முடித்த குழந்தை அந்த மக்கள் எப்படி உடுத்துவார்கள் என்று சொல்லிவிடும். அவர்கள் கண்ணுக்கு ஒரு மரமோ ஒரு நரியோ எப்படித் தெரியும் என்பது அதற்குக் கடைசிவரை தெரியாது.

இந்தக் குறையை நன்கு உணர்ந்து, அதற்கு மாற்றாகப் பல ஆண்டுகளாக உழைத்துவரும் பதிப்பகம் என்று சென்னையின் தாரா புக்ஸைத் தயங்காமல் சொல்வேன். 1994-இல் கீதா வுல்ஃப் தொடங்கிய இந்தப் பதிப்பகம், கோண்ட், மிதிலா, வார்லி, பட்டுவா, மாண்டணா போன்ற பழங்குடி, நாட்டார் ஓவிய மரபுகளைச் சேர்ந்த ஓவியர்களைத் தேடிச்சென்று, அவர்களோடு உட்கார்ந்து நூல்களை உருவாக்குகிறது. அட்டையில் அந்த ஓவியர்களின் பெயர்கள் ஆசிரியர் பெயருக்குரிய இடத்திலேயே இருக்கின்றன. வேறொருவர் எழுதிய கதைக்குப் படம் போட்டுக்கொடுத்தவர்களாக அவர்களை ஒதுக்காமல், சொல்லுகிறவர்களாகவே நடத்துவதுதான் இந்நூல்களின் தரத்துக்கு வேர் என்று நினைக்கிறேன்.

முதலில் பேச வேண்டியது 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி என்னும் மூன்று கோண்ட் ஓவியர்களின் ஆக்கமாக 2006-இல் வெளிவந்து, 2008-இல் இத்தாலியின் பொலோன்யா குழந்தை நூல் கண்காட்சியில் விருது பெற்ற நூல் இது. பகலெல்லாம் நிழலும் உணவும் கொடுத்து உழைக்கிற மரங்கள் இரவில்தான் ஓய்வெடுக்கின்றன, அப்போதுதான் அவற்றின் ஆவிகள் வெளிப்படுகின்றன என்பது கோண்ட் மக்களின் நம்பிக்கை. ஆகவே நூலின் தாள் முழுவதும் கறுப்பு. அந்தக் கறுப்பின்மேல் மரங்கள் பச்சையும் மஞ்சளும் செம்மையுமாக எழுகின்றன. ஒரு பக்கத்தில் சில வரிகள், எதிர்ப்பக்கத்தில் ஒரு மரம், அவ்வளவுதான் அமைப்பு. ஆனால் ஒவ்வொரு மரத்துக்குள்ளும் பறவை, மான், பாம்பு, தெய்வம் என்று யாரோ குடியிருக்கிறார்கள். கிளை எங்கே முடிகிறது, உயிர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று பாய்கின்றன.

இந்தக் கோடுகளுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது, பெற்றோர் அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு நூலைத் திறந்தால் நல்லது. மத்தியப் பிரதேசத்துக் கோண்ட் மக்களிடையே பர்தான் என்னும் பிரிவினர் பாணர்கள். பானா என்னும் நரம்புக் கருவியை இசைத்து, சாஜா மரத்தில் உறையும் பெருந்தெய்வமாகிய படாதேவரை எழுப்பி, குலக்கதைகளைப் பாடுவது அவர்கள் தொழில். அவர்களை ஆதரித்துவந்தவர்களின் நிலை தளர்ந்தபோது பாட்டும் தளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் போபாலின் பாரத் பவன் என்னும் கலை மையத்துக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதன் திரட்டிய குழு, பட்டன்கர் என்னும் ஊரில் ஜங்கர் சிங் ஷியாம் என்னும் இளைஞரைக் கண்டெடுத்தது. வீட்டுச் சுவரில் வரைந்தவர் தாளுக்கும் துணிக்கும் வந்தார். பாட்டில் மட்டும் வாழ்ந்த தெய்வங்களுக்கு உருவம் கொடுத்தார். உறவினர்களைப் போபாலுக்கு அழைத்து இந்தக் கலையில் பழக்கினார். 2001-இல் ஜப்பானில் அவர் இறந்தபோது ஓர் ஓவியப் பரம்பரையே உருவாகியிருந்தது. பஜ்ஜு ஷியாம் அவருடைய உறவினர். போபாலில் இரவுக் காவலராகவும் மின்வேலை செய்பவராகவும் இருந்துவிட்டு ஜங்கரிடம் வந்து சேர்ந்தவர். பாணர் குலத்தின் கதை சொல்லும் குணம் இந்த ஓவியங்களில் இன்னும் உயிரோடு இருப்பதை நூலின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உணரலாம்.

குழந்தைகளோடு இந்நூலைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வரிகளை வாசித்துக் காட்டுவதைவிடப் படத்தை முதலில் நெடுநேரம் அவர்கள் கையில் விட்டுவிடுவது பயன் தருகிறது. அரசமரத்தின் முழு வடிவமும் அதன் ஓர் இலைக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டும் பக்கத்தில், பெரியவர்களுக்கு முன்பே அவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கோண்ட் வாழ்வில் பெரும் இடம் பெற்ற மஹுவா நம் ஊர்க் கோயில்களில் தலமரமாக நிற்கும் இலுப்பையின் இனம்தான் என்று சொன்னால், காட்டுக்கும் தங்கள் தெருவுக்கும் இடையே இருந்த தூரம் அவர்களுக்குச் சட்டெனக் குறைகிறது.

நூலாக அது செய்யப்பட்டிருக்கும் முறையும் தனியாகச் சொல்லத் தகுந்தது. பருத்திக் கழிவிலிருந்து கையால் செய்த தாள். அதன்மேல் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு திரையாக வைத்து, ரப்பர் பட்டையால் மையை இழுத்து அச்சிடும் சில்க் ஸ்கிரீன் முறை. ஒவ்வொரு வண்ணமும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் கையால் தைத்துக் கட்டுதல். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்குப் பயன்படும் அதே தொழில்நுட்பத்தை, சென்னையில் உள்ள ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்னும் பட்டறைக் கலைஞர்கள் புத்தகக் கலையாக உயர்த்தியிருக்கிறார்கள். விரலால் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். ஒவ்வொரு படியிலும் எண் குறித்திருப்பதும், ஒரு படிக்கும் மறு படிக்கும் வண்ணத்தில் நூலளவு வேறுபாடு இருப்பதும் இந்த உழைப்பின் அடையாளங்கள். தொட்டுப் பார்க்கும் வயதில் இருக்கும் குழந்தைக்கு, புத்தகம் என்பது யாரோ கையால் செய்த பொருள் என்று உணர்த்த இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

பஜ்ஜு ஷியாம் தனியாகச் செய்த 'தி லண்டன் ஜங்கிள் புக்' 2004-இல் வந்தது. என் தேர்வில் இதுவே முதலிடம் பெறும். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட அழைக்கப்பட்டு, இரண்டு மாதம் அங்கே தங்கிய அவர், தாம் கண்டதைத் தம் காட்டின் விலங்குகளாகவே திருப்பிச் சொல்கிறார். விமானம் சிறகு முளைத்த யானையாகிறது. தினமும் தவறாமல் வந்து அவரை ஏற்றிச்செல்லும் முப்பதாம் எண் பேருந்து நன்றியுள்ள நாயாகிறது. பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழுவாகிறது. பிக் பென் என்னும் பெரிய மணிக்கூண்டு, கோண்ட் மரபில் பொழுதின் குறியாகிய சேவலோடு ஒன்றாகிவிடுகிறது. பகலில் கண்ணில் படாமல் அலுவலகங்களுக்குள் அடைந்திருந்து, மாலை ஆனதும் மதுக்கூடங்களில் கூடும் ஆங்கிலேயர்கள் வௌவால்களாகத் தொங்குகிறார்கள்.

இந்தப் படத்தில் குழந்தைகள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் யாரையும் இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை. வௌவால் கோண்ட் கண்ணுக்கு அருவருப்பான பிராணியும் இல்லை. புதிய ஊரைப் பார்க்கிற ஒருவர் தம்மிடம் இருக்கும் உருவங்களைக் கொண்டு அதைப் புரிந்துகொள்ள முயல்கிறார், அவ்வளவே. நூலின் பெயர் ஆங்கில எழுத்தாளர் கிப்லிங்கின் 1894-ஆம் ஆண்டு நூலான 'தி ஜங்கிள் புக்'கை நேராகச் சுட்டுகிறது. அந்தக் கதை நடக்கும் சியோனிக் காடும் கோண்ட் மக்கள் வாழும் மத்திய இந்தியாவில்தான் இருக்கிறது. பட்டன்கரில் வெரியர் எல்வின் என்னும் ஆங்கிலேய மானிடவியலாளர் தங்கியிருந்து கோண்ட் மக்களைப் பற்றி நூல்கள் எழுதினார். அதே ஊர்க்காரர் ஒருவர் ஆங்கிலேயர் நகரத்துக்குப் போய், அவர்களைப் பார்த்து எழுதிக் கொண்டுவந்த நூல் என்று இதை வைத்தால், யார் யாரைப் பார்க்கலாம், யார் யாரைப் பற்றிச் சொல்லலாம் என்னும் பெரிய கேள்வி ஒரு படநூலுக்குள் எவ்வளவு இலகுவாக வந்து அமர்ந்திருக்கிறது என்பது புரியும். எட்டு வயதுக் குழந்தைக்கு இவ்வளவும் விளங்க வேண்டியதில்லை. தான் வாழும் ஊரும் வேறொருவர் கண்ணுக்கு விந்தையானதே என்ற எண்ணம் மட்டும் மனத்தில் விழுந்தால் போதும்.

இவற்றைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு 'காபிள் யூ அப்!' பொருத்தமானது. ராஜஸ்தானத்து மீணா சமூகத்தைச் சேர்ந்த சுனிதா, தம் பகுதி வாய்மொழிக் கதை ஒன்றை மாண்டணா முறையில் வரைந்திருக்கிறார். மண் சுவரிலும் தரையிலும் சுண்ணாம்புக் குழம்பைத் தொட்டு விரலாலேயே பெண்கள் வரையும் கலை மாண்டணா. கோலம் போடும் வீட்டில் வளரும் குழந்தைக்கு அதை விளக்கவே தேவையில்லை. கதையில் பேராசை பிடித்த நரி எதிர்ப்படும் உயிர்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே போகிறது. விழுங்கப்பட்ட பிராணிகள் நரியின் வயிற்றுக்குள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்பதை நாம் பார்க்கிறோம்; பக்கம் திருப்பத் திருப்ப வயிறு நிறைகிறது. பழுப்புத் தாளில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்டு இவ்வளவு துடிப்பை வரவழைத்திருப்பது பெரிய சாதனை. வார்லி ஓவியர்கள் வரைந்த 'டூ!' என்னும் நூலும் இந்த வயதினருக்கானதே: பக்கத்துக்கு ஒரு வினைச்சொல், அதைச் செய்துகொண்டிருக்கும் எண்ணற்ற சிறு மனிதர்கள்.

'சுனாமி' பற்றிச் சற்று எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். வங்காளத்துப் பட்டுவா ஓவியர்கள் நீண்ட படச்சுருளை விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரலால் சுட்டிப் பாடிக்கொண்டே ஊர் ஊராகப் போவது வழக்கம். அவர்களுள் பலர் இஸ்லாமியர். இராமாயணத்தையும் பாம்புத் தெய்வமாகிய மனசா தேவியின் கதையையும் வரைந்து பாடுகிறவர்களும் அவர்களே. நம் கரைகளைச் சூறையாடிய 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைப் பற்றி ஜாய்தேவ் சித்ரகார், மோய்னா சித்ரகார் இருவரும் செய்த பாட்டும் படமும், மடிப்பு மடிப்பாக விரியும் சுருள் வடிவிலேயே நூலாகியிருக்கின்றன. அலையின் வாயும் அதில் மிதக்கும் உடல்களும் மறைக்கப்படவில்லை. பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதைக் கொடுக்க மாட்டேன். நாகையிலோ கடலூரிலோ கடலோரக் குடும்பத்தில் வளரும் பிள்ளையென்றால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய நூல். நம் துயரத்துக்காக எங்கோ மேதினிபூரில் ஒருவர் ஒப்பாரி பாடியிருக்கிறார் என்பதை அறியும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது.

துலாரி தேவியின் 'ஃபாலோயிங் மை பெயிண்ட் பிரஷ்' எளிமையால் மனத்தில் நிற்பது. பீகாரின் மதுபனி மாவட்டத்து மீனவச் சமூகத்தில் பிறந்து, பிறர் வீடுகளில் வேலை செய்து, அங்கே பெண்கள் மிதிலா ஓவியம் தீட்டுவதைக் கண்டு தாமும் கற்றுக்கொண்டவர் அவர். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்த வாழ்க்கையை அவரே வரைந்து, அவரே சொல்லியிருக்கிறார். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை அன்றாடம் பார்க்கும் குழந்தைகள் படிக்க வேண்டிய நூல்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கையால் செய்த பதிப்புகளின் விலை, மாதச் சம்பளத்தில் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. அந்த உழைப்புக்கு அது நியாயமான விலையே என்றாலும் வாங்க முடியாதவருக்கு நியாயம் பயன் தராது. கறுப்புத் தாளில் விரல்தடம் பதியும், ஈரக்காற்று பட்டால் தாள் நெளியும். ஆகவே மழைக்காலத்தில் அலமாரிக்குள் வைப்பதே நல்லது. நான் படித்தவை ஆங்கிலப் பதிப்புகள். சிறு குழந்தைகளுக்கு ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 'நைட் லைஃப்' நூலின் வரிகள் பழமொழிபோல் சுருங்கியவை என்பதால் அது எளிதாகவும் இல்லை. தொடர்ச்சியான கதையை எதிர்பார்க்கும் குழந்தை அந்நூலைச் சில பக்கங்களிலேயே மூடிவிடவும் கூடும்.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்பவர்கள் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு நரிக் கதையையும், எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு லண்டன் நூலையும் தேர்ந்தெடுக்கலாம். மரங்களின் நூலைப் பள்ளி நூலகங்களும் ஊர் நூலகங்களும் வாங்கி வைத்தால் பல கைகளுக்குப் போய்ச் சேரும். வாங்குவதற்கு முன் திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டியிருக்கும் பதிப்பகத்தின் கட்டடத்துக்கு ஒரு முறை போய்வருவது நல்லது. கீழே கடையும் ஓவியக்கூடமும் இருக்கின்றன, நூல்களை நிதானமாகப் புரட்டிப் பார்க்கலாம். குழந்தையையும் அழைத்துப் போங்கள், எந்த நூலிடம் நிற்கிறது என்று பாருங்கள், அதை வாங்குங்கள்.